கறுப்பு வயருக்கு ஒரு எர்த்து

"என் கை பட்ட இடத்துல தப்பு இருந்துச்சுன்னா, இந்தா தொங்குதுல்லா போர்டு, இதை நானே கழட்டி என் அடுப்புலயே வச்சு எரிச்சிருதேன். போதுமா அண்ணாச்சி?"

சங்கரம்மாள் இதைச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ராஜபாளையம் ரோட்டில் தாவூது பாயின் ஒர்க்‌ஷாப் வாசலில் வைத்து. எண்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. காற்று புழுதியை வாரி எல்லார் வாயிலும் போட்டுக்கொண்டிருந்தது. அப்படியும் வாயை மூடாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். எலக்ட்ரீஷியன் குருசாமி, அவருக்குத் தலையாட்டுவதற்கென்றே கூட வந்திருந்த டிங்கர் பிச்சையா, மூன்றாவது சங்கரம்மாள்.

ஒர்க்‌ஷாப்காரர் தாவூது பாய் மட்டும் பேசவில்லை. அவர் ஒரு கார்புரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குருசாமி அந்த ரோட்டில் இருபத்தஞ்சு வருஷமாக வயர் பிடிக்கிறவர். சங்கரன்கோவிலில் ஓடுகிற எந்த அம்பாசிடரின் ஹாரனும் அவர் சொன்னால்தான் கத்தும் என்று பேர். அப்படிப்பட்டவருக்கு ஒரு பொம்பளை அதே ரோட்டில் போர்டு மாட்டியதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நாலு வருஷமாக இறங்கவில்லை. ஆனாலும் ஆள் இளைத்ததாகத் தெரியவில்லை.

"போர்டு போனா போதும்ட்டி. அதைத்தான் நாங்களும் கேக்கோம்," என்றார் குருசாமி. "பாய், நீரும் கேட்டுக்கிடும். நாலு மணிக்கு வாரோம். வண்டி புகை கக்குச்சுன்னா போர்டு இறங்கணும். இறங்கலன்னா இந்தக் கடை வரிசையில ஒருத்தனும் உமக்கு வேலை அனுப்ப மாட்டான்."

"அனுப்ப மாட்டோம்," என்று பிச்சையாவும் தலையாட்டினார்.

தாவூது பாய் கார்புரேட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சரி, நாலு மணிக்கு வாங்க," என்றார்.

போர்டு என்றால் பெரிய போர்டு ஒன்றும் இல்லை. பவர்லூம் சாமான் வந்த பெட்டியின் பலகை. சங்கரம்மாளின் வீட்டுக்காரர் பொன்னுச்சாமி, தறி ஓட்டுகிறவர், கேட்டு வாங்கி இழைத்துக் கொடுத்தது. மேலே வெள்ளைப் பெயின்ட், அதற்கு மேல் சிவப்பு எழுத்து: 'சங்கரம்மாள் ஆட்டோ எலக்ட்ரிக்கல். டைனமோ, செல்ப் மோட்டார், ஆர்மச்சூர் வைண்டிங்.' பேரை முதலில் போடாதே, 'அம்மன் துணை' என்று போடு என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மனுக்கு ஊரில் கோயில் இருக்கிறது, எனக்கு இந்தப் பலகைதான் இருக்கிறது என்று சொல்லித் தன் பேரைத்தான் முதலில் எழுதச் சொன்னாள். அந்தப் பேருக்கு இப்போது உலை வைக்கப் பார்த்தார்கள்.

அவள் வயர் பிடிக்க வந்த வழி வேறு. பதினாலு வயசில் மோட்டார் வைண்டிங் கடையில் சேர்ந்தாள். சின்னக் கை, மோட்டாருக்குள் சுலபமாக நுழையும் என்று சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷம் தறி மோட்டாருக்கும் கிணற்று மோட்டாருக்கும் காயில் சுற்றினாள். பிறகு ஒரு நாள் ஒரு லாரி டைனமோ வந்தது. அதையும் சுற்றிக் கொடுத்தாள். அது மூன்று வருஷம் எரியாமல் ஓடியது. அதைப் பார்த்துத்தான் தாவூது பாய் தன் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். இப்போது வரிசையில் எந்தக் கடைக்கு ஆர்மச்சூர், டைனமோவுக்குள் சுழலுகிற அந்தக் காயில் உருளை, வந்தாலும் கடைசியில் அவள் கைக்குத்தான் வந்து சேரும். குருசாமி கடைக்கு வருவதும்கூட அப்படித்தான். ஆனால் அது நேராக வராது. ஒரு டிரைவர் கையில் கொடுத்து, அவர் இன்னொருவர் கையில் கொடுத்து, சாக்கில் சுற்றி, யாருக்கும் தெரியாத மாதிரி எல்லாருக்கும் தெரிந்து வந்து சேரும்.

வைண்டிங் கடையில் பழகிய ஒரு பழக்கத்தை அவள் விடவே இல்லை. இரண்டு வயரைச் சேர்த்து ஈயம் வைத்தால், அதன்மேல் வார்னிஷில் நனைத்த பருத்தி நூலால் நெருக்கமாகச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவாள். மற்றவர்கள் முறுக்கி டேப் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவளுடைய முடிச்சு வண்டி பழைய இரும்புக்குப் போகிற நாள்வரை அவிழாது. வரிசையில் எல்லாருக்கும் அந்த முடிச்சைத் தெரியும்.

பிரச்சினை ஒரு ஜெர்மன் காரால் வந்தது. இளையரசனேந்தல் ஆறுமுகச்சாமி எட்டு வருஷம் ஜெர்மனியில் நூற்பு மெஷின் கம்பெனியில் பிட்டராக இருந்துவிட்டுத் தை மாதம் ஊருக்கு வந்தவர். வரும்போது இளநீலத்தில் ஒரு காரையும் கொண்டுவந்திருந்தார். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. ஊரில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே அவர் வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்த வண்டியை அவர் நிறுத்திவைத்த இடம் கடலை மூட்டை அடுக்கிய கொட்டகை. எலிகளுக்கு ஜெர்மனியும் இளையரசனேந்தலும் ஒன்றுதான். கடலையைத் தின்றது போக, வாய்க்கு மாறுதலாக வயரையும் தின்றன.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. அடியில் மூன்று வயர் தொங்குகிறதே என்றுதான் ஒன்றரை மாதத்துக்கு முன் ஆறுமுகச்சாமி சங்கரம்மாளிடம் கொண்டுவந்தார். புகை போகிற குழாயில் ஸ்பார்க் பிளக் மாதிரி ஒரு சாமான் திருகியிருந்தது. அதிலிருந்து மூன்று வயர் வந்தது. இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு. மூன்றையும் எலி கடித்திருந்தது. இன்றைக்கு எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் ஆக்சிஜன் சென்சார் என்று சொல்லிவிடுவான். அன்றைக்குச் சங்கரன்கோவிலில் அதைப் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. ஆறுமுகச்சாமி வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டி, "புகைய மோந்து பாத்து, பெட்ரோலு கூடவா குறைச்சலான்னு மேல ஒரு பெட்டிக்குச் சேதி சொல்லுமாம். பெட்டி அதுக்குத் தக்கன பெட்ரோல கூட்டும் குறைக்குமாம்," என்றார். எந்த வயர் எதற்கு என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. அதனால் ஒர்க்‌ஷாப்பில் அந்தச் சாமானுக்கு 'மூக்கு' என்று பேர் வைத்துக்கொண்டார்கள்.

சங்கரம்மாள் மூக்கின் வயர்களைச் சேர்த்துக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் வண்டி கறுப்புப் புகை கக்க ஆரம்பித்தது. பெட்ரோல் குடித்தது. பிளக்கெல்லாம் கரி. ஆறுமுகச்சாமி நேரே குருசாமியிடம் போனார். குருசாமி பிளக்கை மாற்றினார், வயரையெல்லாம் பிரித்துப் பார்த்தார், மறுபடி சுற்றினார். புகை நிற்கவில்லை. நிற்காத புகைக்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? "பொம்பளை கை வச்சா அப்படித்தான்," என்று டீக்கடையில் சொன்னார். அது பஸ் ஏறி வாசுதேவநல்லூர் வரைக்கும் போய்விட்டது. நாலு லாரிக்காரர்கள் அவளிடம் கொடுத்திருந்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். இப்படியே இன்னும் ஒரு மாதம் போனால் போர்டை யாரும் கழற்ற வேண்டியிருக்காது, அதன் கீழே உட்கார வேலையே இருக்காது. அதனால்தான் அவளே ஆறுமுகச்சாமிக்கு ஆளனுப்பி வண்டியை வரவழைத்தாள்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் தாவூது பாய் கையைக் கழுவிவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். போகிறபோது, "தங்கச்சி, கொஞ்சம் வாய அடக்கியிருக்கலாம்ல? அடுப்புல வைப்பேன்னு எதுக்குச் சொன்ன?" என்றார்.

"தப்பு பண்ணிருந்தாத்தானே பாய் வைக்கணும்."

"பண்ணிருந்தா?"

"பண்ணலை," என்றாள் சங்கரம்மாள்.

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தார். கொட்டகையில் அவளும் அந்த நீல வண்டியும்தான் மிச்சம். சேலையைத் தூக்கிச் செருகினாள். மேலே பொன்னுச்சாமியின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டாள். சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்து உள்ளே நகர்ந்தாள்.

மூக்கு இருந்தது. மூன்று வயரும் இருந்தன. சேர்த்த இடத்தில் மஞ்சள் டேப் பளிச்சென்று தெரிந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சள் டேப் போடுகிற ஆள் இந்த ரோட்டில் ஒருத்தர்தான். மதுரையிலிருந்து வரவழைத்து, மற்றவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மேஜைமேல் அடுக்கி வைத்திருப்பார் குருசாமி. அப்படியானால் மனுஷன் இவள் வேலையைப் பிரித்துத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டியிருக்கிறார். பழியை மட்டும் இவள் தலையில் போட்டிருக்கிறார். "வாரும்வே, நாலு மணிக்கு வாரும்," என்று வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துச் சொன்னாள். மனசு ஆடிக்காற்றில் காயப்போட்ட சேலை மாதிரி எழும்பியது.

பிளேடை எடுத்து மஞ்சள் டேப்பைக் கீறினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. உள்ளே பழுப்பேறிய பருத்தி நூல் இருந்தது. வார்னிஷ் நெருங்கப் பிடித்திருந்தது. ஓரத்தில் அவளுடைய முடிச்சு.

குருசாமி எதையும் மாற்றவில்லை. பிரித்துப் பார்த்திருக்கிறார், சரி என்று விட்டிருக்கிறார், தன் டேப்பைச் சுற்றி மூடியிருக்கிறார். அவ்வளவுதான்.

மூன்று முடிச்சையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை. வண்டிப் பக்கமிருந்து வந்த சிவப்புக்கும் பழுப்புக்கும் இரண்டு வெள்ளையையும் கொடுத்திருந்தாள். கறுப்புக்குக் கறுப்பைக் கொடுத்திருந்தாள். அந்தக் கறுப்பு முடிச்சிலிருந்து தனியாக ஒரு துண்டு வயர் கிளம்பிப் போய், வண்டியின் அடித்தகட்டில் ஒரு போல்ட்டில் இறுகியிருந்தது. பார்த்ததும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தபோது வண்டிப் பக்கத்துக் கறுப்பில் எர்த்து, அதாவது கரன்ட் வண்டியின் இரும்புக்குத் திரும்புகிற வழி, வரவில்லை. மேலே எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, தகட்டைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, நல்ல எர்த்தாக ஒன்று கொடுத்திருந்தாள். அதை ஒரு வேலை என்றே அவள் மனசில் வைத்திருக்கவில்லை. அந்த ரோட்டில் எல்லாரும் செய்கிறதுதான். அம்பாசிடரில் கறுப்பு என்றால் எர்த்து. லாரியில் கறுப்பு என்றால் எர்த்து. சந்தேகம் வந்தால் ஒரு எர்த்து கூடக் கொடு. லைட் மங்கினாலும் அதுதான் வைத்தியம், ஹாரன் கம்மினாலும் அதுதான்.

ஆக எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் புகை எங்கிருந்து வருகிறது?

வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். மறுபடி உள்ளே போனாள். இந்த முறை கண்ணை நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டாள். கலரை மறந்துவிடு சங்கரம்மா, தறி மோட்டார் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள். எரிந்துபோன மோட்டாரில் ஆறு வயர் வெளியே வரும், எல்லாம் ஒரே கரி நிறமாக இருக்கும். அப்போது கலரையா பார்த்தாய்? ஜோடி பார்த்தாய். எந்த வயரின் மறுமுனை எது என்று மீட்டர் வைத்துப் பார்த்தாய்.

முடிச்சுகளை வெட்ட மனசு வரவில்லை. ஆனாலும் மூன்றையும் வெட்டினாள். மீட்டரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளையிலும் இன்னொரு வெள்ளையிலும் மீட்டர் வயரின் முனைகளை வைத்தாள். ஊசி எழுந்து பாய்ந்தது. இரண்டு வெள்ளையும் ஒரே காயிலின் இரண்டு நுனி. சூடு பண்ணுகிற காயிலாக இருக்க வேண்டும், இஸ்திரிப்பெட்டியில் இருக்கிற மாதிரி. வெள்ளையிலும் கறுப்பிலும் வைத்தாள். ஊசி அசையவில்லை. மற்ற வெள்ளையிலும் வைத்துப் பார்த்தாள். அப்போதும் அசையவில்லை. கறுப்பு தனியாள்.

தனியாள் என்று ஒரு வயர் இருக்க முடியாது. கரன்ட்டுக்குப் போகவும் வரவும் வழி வேண்டும். கறுப்பின் ஜோடி எங்கே? மூக்கின் உடம்பைப் பார்த்தாள். அது இரும்புக் குழாயில் மரை போட்டுத் திருகி நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஏற்கெனவே இரும்பில் திருகி, எர்த்திலேயே நிற்கிற சாமானுக்குத் தனியாக ஒரு எர்த்து வயரை எந்த முட்டாள் வைப்பான்? உடம்புதான் எர்த்து. கறுப்பு எர்த்து இல்லை. அந்த மூக்கு மோந்து பார்த்துச் சொல்கிற சேதி போகிற வழிதான் கறுப்பு. அதைக் கொண்டுபோய்த் தகட்டில் இறுக்கி, சேதி முழுவதையும் மண்ணில் விட்டிருக்கிறாள். மேலே இருக்கிற பெட்டிக்கு ஒரு சத்தமும் வராது. சத்தம் இல்லை என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம் போல. பெட்டி பாவம், ஊற்று ஊற்று என்று ஊற்றியிருக்கிறது. பழுப்பில் எர்த்து வந்ததே, கறுப்பில் வரவில்லையே, இது சீமை வண்டி, இவன் கலர் வேறு என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டாமா? வரவில்லை என்று சொன்ன வயருக்கு வம்படியாகக் கொடுத்தாளே, என்ன கொழுப்பு! அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் தலையை வண்டியில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்திருக்கப் பார்த்ததில் உண்மையாகவே முட்டிக்கொண்டாள்.

போல்ட்டைக் கழற்றினாள். அந்தத் துண்டு வயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டாள். வெள்ளைகளை முன்போலவே சேர்த்தாள். கறுப்பைக் கறுப்போடு மட்டும் சேர்த்து, ஈயம் வைத்தாள். வண்டியைக் கிளப்பி ஓடவிட்டாள். பின்னால் கறுப்பாகத்தான் வந்தது. மீட்டர் வயரின் ஒரு முனையைக் கறுப்பில் குத்தி, மற்றதைத் தகட்டில் வைத்துக் காத்திருந்தாள். மூக்கு சூடாக வேண்டும். இரண்டு நிமிஷம் ஊசி தூங்கியது. பிறகு எழுந்தது. ஒரு வோல்ட்டுக்கும் கீழே, மேலே போவதும் கீழே வருவதுமாக ஆட ஆரம்பித்தது. அந்தச் சின்னச் சாமான் மேலே இருக்கிற பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தது. சங்கரம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அது சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. பின்னால் போய்ப் பார்த்தாள். புகை வெளுத்து, மெலிந்து, கால்மணி நேரத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. வெள்ளைத் துணியைக் குழாய் வாயில் பிடித்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

தாவூது பாய் திரும்பி வந்தபோது என்ஜின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது, புகை இல்லை. அவர் முகம் மலர்ந்தது. கீழே கிடந்த மஞ்சள் டேப்பைக் குனிந்து எடுத்தார். மலர்ந்த முகம் இன்னும் விரிந்தது.

"அல்லாவே! குருசாமி டேப்புல்லா! மாட்டினான் பாத்தியா. அவன்தான் மாத்திக் கட்டிருக்கான். தங்கச்சி, இதைப் பத்திரமா வை. நாலு மணிக்கு இதைத் தூக்கி மூஞ்சில காட்டு, அவன் அப்படியே கழுகுமலைக்கு ஓடட்டும்."

சங்கரம்மாள் கீழே பார்த்தாள். வெட்டிப் போட்ட அவளுடைய நூல் முடிச்சுகள் அங்கேதான் தரையில் கிடந்தன. எண்ணெய்ப் பிசுக்கில் கரிக்கட்டை மாதிரி இருந்தன. காலால் தள்ளினால் குப்பையோடு போய்விடும். அந்தத் துண்டு வயர் சட்டைப் பையில் இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வண்டி சரியாகிவிட்டது. மஞ்சள் டேப் குருசாமிக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும். நாலு வருஷமாகப் பட்ட ஏச்சுக்கெல்லாம் ஒரே மதியத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். போர்டும் நிற்கும்.

நன்றாக இருந்தது அந்த நினைப்பு. ஒரு டீ குடிக்கிற நேரம் அதை வைத்து ருசி பார்த்தாள். பிறகு துப்பிவிட்டாள். குருசாமிக்கு இரக்கப்பட்டு இல்லை. அவருக்கு இரக்கப்படும் அளவுக்கு அவள் நல்லவள் இல்லை. தான் செய்த தப்பை இன்னொருத்தன் தலையில் கட்டுகிற புத்தி எப்படி இருக்கும் என்று ஒரு மாதமாக டீக்கடையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் கையிலிருந்து அதை வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்ள அவளுக்கு அருவருப்பாக இருந்தது. குனிந்து நூல் முடிச்சுகளைப் பொறுக்கித் துண்டு வயரோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

நாலு மணிக்குக் குருசாமி வந்தார். பிச்சையா வந்தார். வேடிக்கைக்கு வரிசையிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். புளியங்குடிக்கு எலுமிச்சை ஏற்றப் போகிற ஒரு லாரி டிரைவர்கூட வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஆறுமுகச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சங்கரம்மாள் சாவியைத் திருப்பினாள். எல்லாரும் குழாய் வாயையே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"நின்னுட்டுல்லா!" என்றார் ஆறுமுகச்சாமி.

"இதைப் பாருங்க," என்று தாவூது பாய் கையை உயர்த்தினார். அந்தக் கையில் மஞ்சள் டேப் இருந்தது. குருசாமி அதைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"பாய், அதைக் கீழ போடுங்க," என்றாள் சங்கரம்மாள். சட்டைப் பையிலிருந்து எடுத்ததை பானட்டின்மேல் வைத்தாள். "இந்தா கிடக்கே முடிச்சு, இது ஆரு முடிச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். இந்த வயரு நான் போட்டது. கறுப்புன்னா எர்த்துன்னு நெனச்சு நானே தகட்டுல இறுக்கினேன். இந்த வண்டிக்குக் கறுப்பு எர்த்து இல்ல. அது சேதி போற வயரு. புகைக்குக் காரணம் நான்தான்."

பிச்சையாவுக்கு எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியவில்லை.

குருசாமிக்கு உயிர் திரும்பியது. திரும்பியதும் முதலில் வந்தது வாய்தான். "பாத்தியளா! பாத்தியளா! அவளே ஒத்துக்கிட்டா. நான் என்ன சொன்னேன்?"

"நீங்க சொன்னதையும் சொல்லுதேன் அண்ணாச்சி. இந்த முடிச்சுக்கு மேல உங்க டேப்பு இருந்துச்சு. நீங்களும் பிரிச்சிய. கறுப்பு தகட்டுல இறுகியிருக்கத நீங்களும் பாத்திய. எர்த்து நல்லாத்தான் இருக்குன்னு மறுபடி சுத்தி மூடுனிய. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

குருசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நானும் தப்பாத்தான் கட்டினேன். ஆனா என் தப்ப நான்தான் கண்டுபிடிச்சேன், என் கையாலதான் சரி பண்ணேன், என் வாயாலதான் சொல்லுதேன். இந்த ரோட்டுல இருபத்தஞ்சு வருசத்துல ஒரு ஆம்பளை இப்படி நின்னு சொன்னது உண்டா?"

லாரி டிரைவர், "இல்லக்கா," என்றார். அவரைக் கேட்கவில்லை. அவர் தானாகச் சொன்னார்.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் குருசாமி. குரல் காலையில் இருந்த அளவுக்கு இல்லை. "காலைல சொன்ன சொல்லு என்னாச்சு? போர்டு?"

"சங்கரம்மா, விடு," என்றார் ஆறுமுகச்சாமி. "வண்டிக்காரன் நானே சொல்லுதேன். எனக்கு ஒரு குறையும் இல்ல."

"உங்களுக்கு இல்ல. சொன்னது நான்லா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஸ்பேனரால் இரண்டு போல்ட்டையும் கழற்றினாள். பலகையைக் கையில் வாங்கிக்கொண்டாள். இறங்கிக் கொட்டகைக்குப் பின்னால் நடந்தாள். அங்கே அவளுடைய அடுப்பு இருந்தது. வார்னிஷில் முக்கிய ஆர்மச்சூரைக் காயவைக்க, மேலே தகரப் பெட்டி கவிழ்த்த அடுப்பு. கூட்டமும் பின்னாலேயே வந்தது.

பலகையைச் சுவரில் சாய்த்து ஓங்கி மிதித்தாள். 'சங்கரம்மாள்' ஒரு துண்டாகவும் 'ஆட்டோ எலக்ட்ரிக்கல்' ஒரு துண்டாகவும் போயிற்று. இன்னும் இரண்டு மிதி. மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள். பெயின்ட் பொரிந்து எரிய ஆரம்பித்தது. தாவூது பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பொன்னுச்சாமி நாலு ராத்திரி இழைத்த பலகை அது.

குருசாமி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "சரி, நாளைக்குள்ள சாமானையும் எடுத்துருவேல்லா?" என்றார்.

சங்கரம்மாள் கம்பியால் கங்கைக் கிளறிவிட்டு நிமிர்ந்தாள்.

"எதுக்கு எடுக்கணும்? போர்ட எரிப்பேன்னு சொன்னேன், எரிச்சுட்டேன். போர்டு போனா போதும்னு நீங்களும் சொன்னிய, போயிட்டு. நான் போறேன்னு எப்பம் சொன்னேன்? இங்கனதான் இருப்பேன். நாளைக்கும் இருப்பேன். தபசன்னைக்கும் இருப்பேன். போர்டு இல்லாம என்னைத் தேடி வாரவன் வரட்டும்."

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். வரிசைக்காரர்கள் இரண்டு பேர் குருசாமியைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துச் சிரித்தார்கள். தாவூது பாய் இந்தப் பக்கம் திரும்பி, "வேலை அனுப்பாதவன் அனுப்பாண்டாம்வே. என் கொட்டகை, என் மூலை," என்றார். அன்றைக்கு அவர் குருசாமியிடம் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான்.

குருசாமி நடக்க ஆரம்பித்தார். பிச்சையாவும் பின்னாலேயே கிளம்பினார். அவர்கள் ரோட்டை எட்டுவதற்குள் சங்கரம்மாள் தகரப் பெட்டியை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு ஆர்மச்சூர் வார்னிஷ் மின்ன இருந்தது. போர்டின் சூடு நன்றாகவே பிடித்திருந்தது. பெட்டியை மூடிவிட்டு, ரோடு முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"குருசாமி அண்ணாச்சி! சாக்குல சுத்தி அனுப்புனியல்லா, உங்க கடை ஆர்மச்சூரு, இந்தச் சூட்டுலதான் காயுது. ஆறு மணிக்கு ரெடி. ஆளு அனுப்புங்க!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிச்சையாதான் திரும்பிப் பார்த்துப் பழக்கதோஷத்தில் தலையாட்டினார்.

ஆறு மணிக்கு ஆள் வரவில்லை. குருசாமியே வந்தார். சாக்கு கொண்டுவரவில்லை.